பஸ் பிடிக்கிற கணக்கு

எதிர் வீட்டுப் பையன் ப்ளஸ் ஒன். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனிடம் பிசிக்ஸ் நோட்டை நீட்டினான்.

"அங்கிள், நீங்க பி.எஸ்ஸி.தானே?"

நான் பி.எஸ்ஸி. தாவரவியல். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கணக்கு இதுதான். நின்றிருந்த பஸ், விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வேகம் கூட்டிக்கொண்டே கிளம்புகிறது. சீரான முடுக்கமாம். 8 மீட்டர் பின்னாலிருந்து ஒருவன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறான். பிடிப்பானா?

எனக்குச் சுரீர் என்றது. ஸார், அந்த 'ஒருவன்' சாட்சாத் அடியேன்தான்! குமணன்சாவடியில், இப்போது மெட்ரோ தூண்கள் நிற்கிற அதே ரோட்டில், எத்தனை காலை ஓடியிருக்கிறேன்!

பையன் இரண்டு விடை போட்டிருந்தான். 2 விநாடி, 8 விநாடி. இரண்டாவதை அடிக்கப் போனவனைத் தடுத்தேன். "அதுவும் சரிதாண்டா. 2-வது விநாடியில நீ பஸ்ஸைப் பிடிக்கிறே. ஏறாம வீறாப்பா ஓடிக்கிட்டே இருந்தா, 8-வது விநாடியில பஸ் உன்னைப் பிடிச்சுத் தாண்டிப் போயிடும்."

பையன் கண்ணில் மரியாதை தெரிந்தது. தாவரவியல் ஜெயித்தது!

"எவ்வளவு தூரம்னா பிடிக்கவே முடியாது அங்கிள்?"

ஓடுகிற வேகத்தின் வர்க்கத்தை, முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 25-ல் பாதி, 12.5 மீட்டர். அதற்கு மேல் ஒரு சாண் கூடினாலும் போச்சு. ஆனால் கிளம்புகிற பஸ் நம்மை ஏமாற்றும். முதல் விநாடியில் அரை மீட்டர்தான் நகரும். அடுத்ததில் ஒன்றரை, அப்புறம் இரண்டரை, மூன்றரை... 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாக வளரும். கலிலியோ 1638-லேயே புத்தகம் போட்டுச் சொன்ன சங்கதி. நம் கண்ணில் படுவதோ அந்த முதல் அரை மீட்டர் மட்டும்!

ஏழு வருஷம் முன்னால் ஒரு நாள், எனக்கும் பஸ்ஸுக்கும் சுமார் 20 மீட்டர். கணக்குப்படி ஏழரை மீட்டருக்குக் கிட்டே நெருங்கியே இருக்க முடியாது. குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ புகுந்தது. பஸ் பிரேக் போட்டது. அதிர்ஷ்டம் என்று கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தேன். பஸ் மறுபடி சீறியது. கால் பிராட்வேக்குப் புறப்பட்டுவிட்டது. மீதி நான் குமணன்சாவடியிலேயே இருக்க விரும்பினேன். 1687-ல் நியூட்டன் அச்சில் ஏற்றிய விதி.

கவிழ்ந்தடித்து விழுந்தேன். பின் சக்கரம் என் டிபன் பாக்ஸ் மேல் ஏறிப் போயிற்று. அதற்கும் என் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

இதைப் பையனிடம் சொல்லி முடித்துத் திரும்பினால், காபி டம்ளரோடு மனைவி.

"ஏங்க, ஆபீஸ் மாடிப்படியில வழுக்கிட்டேன்னுதானே சொன்னீங்க? அப்போ, எங்கம்மா கொடுத்த எவர்சில்வர் டப்பாவை எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னீங்களே, அது?"