விளக்கு அணைந்தால் போதுமா?

அடிபட்ட காரை விலைக்கு வாங்கவிருந்த நண்பர் ஒருவர்தான் என்னைச் சென்னை புதுப்பேட்டைக்குக் கூட்டிப்போனார். உதிரிபாகக் கடைகள் நெருக்கியடிக்கும் சந்தில், மாடியில் ஒரு சிறிய அறை. மேசை முழுக்க உள்ளங்கை அகல உலோகப் பெட்டிகள். விபத்தில் சிக்கிய கார்களிலிருந்து கழற்றி வந்த ஏர்பேக் மாட்யூல்கள்.

மோதலை உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பையை விரிக்கச் சொல்வது இந்தப் பெட்டிதான். அந்த மோதலின் பதிவைத் தன் சிப்பில் எழுதிப் பூட்டியும் கொள்ளும். பிறகு புதுப் பை மாட்டினாலும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையாது. மாட்யூலையே மாற்றச் சொல்கின்றன கார் நிறுவனங்கள். அந்த விலைக்கு அஞ்சுகிறவர்கள் இங்கே வருகிறார்கள்.

அந்த அறையில் இவற்றைச் சரிசெய்பவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ரிச்சி தெருவில் டிவி போர்டுகளில் கை பழகியவர். "டியூப் டிவியோட அந்தப் பொழப்பும் போச்சு சார்" என்றார். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதும் இந்த வேலை பெருகியது. ஸ்கேனரில் கோளாறுக் குறியீடுகளைக் குறித்துக்கொள்கிறார். மூடியைத் திறந்து சிப்பைப் படிக்கிறார். மூலப் பதிவைப் பத்திரப்படுத்திவிட்டு, மோதல் பதிவை மட்டும் அழித்து எழுதுகிறார். கூடு நசுங்கியதையும் தண்ணீர் புகுந்ததையும் தொடுவதில்லை. புதுப் பைக்கும், வெடித்து இறுகிய சீட் பெல்ட்டுக்குப் பதில் வாங்கிய புதிய பெல்ட்டுக்கும் பில் காட்டாதவருக்கு வேலை செய்வதும் இல்லை.

பேசிக்கொண்டே டப்பாவிலிருந்து அரிசியளவு பொருள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு ஓம் ரெசிஸ்டர். ஒரு காரின் ஸ்டீயரிங்கில், பை இருக்கவேண்டிய இடத்தில் கிடைத்ததாம். "மாட்யூல் இதைப் பைன்னு நம்பிடும். விளக்கு அணைஞ்சிடும். இதுதான் சார் எமன்."

எனக்கு நெஞ்சு கொதித்தது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பு என்று ஒதுக்குகிறார்கள். அதை ஏலத்தில் எடுக்கும் புரோக்கர்களில் சிலர் பெயின்ட் பளபளக்கச் செலவழிப்பார்கள், பைக்குச் செலவழிக்க மாட்டார்கள். மிச்சம் பிடித்த பணம் அவர்கள் பைக்குப் போகிறது. கடன் வாங்கி முதல் கார் வாங்கும் குடும்பம் வெறும் ஸ்டீயரிங் மூடியை நம்பி நெடுஞ்சாலையில் போகிறது. இது வியாபாரமல்ல, கொலைக்குத் துணைபோவது. முழு இழப்பான காரை மறுபடி விற்கும்போது ஏர்பேக் சான்றும் கட்டாயமாகவேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களே, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணையவேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். காப்பீட்டு இழப்பீட்டு வரலாற்றைக் கேளுங்கள். தேர்ந்த மெக்கானிக்கை வைத்து ஸ்டீயரிங்கைத் திறந்து பாருங்கள். விபத்துக் காருக்குப் பையின் பில் இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.