கூம்போட்டின் இரு கொம்புகள்

2012ஆம் ஆண்டில் ஒரு நாள் விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் நின்றமையால், 8ஆம் தரத்தின் பாடவேளை ஒன்றை யான் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. பயிற்றப்பட்ட தமிழாசிரியனாகிய எனக்கு அப்பாடத்தில் உரிமை யாதுமில்லை. மாணவரை வாளா இருத்தி வைப்பதினும் எதையேனுஞ் சொல்லுதல் நன்றெனக் கருதினேன். கருதியது பிழையன்று, சொன்னதே பிழை.

கிணறு வெட்டிய இடத்திலிருந்து மாணவனொருவன் கொணர்ந்த சுண்ணாம்புக்கல் ஒன்று மேசைமேற் கிடந்தது. அதிற் சிப்பியின் அச்சுத் தெளிவாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. மூன்று கோடி ஆண்டுக்கும் இளையது. இதனினும் பழைய ஓட்டுயிர்கள் உண்டோவென மாணவர் வினவினர். யான் நூல்நிலையத்துப் பழைய நூல் ஒன்றை எடுப்பித்து, ஹயோலித் என்னும் கடலுயிரின் படத்தைக் காட்டினேன். ஐம்பது கோடி ஆண்டுக்கு முன்னரே கடலடியில் வாழ்ந்த சிற்றுயிர் அது. நீண்ட கூம்பு போன்ற ஓடு; அதன் வாயை அடைக்க ஒரு மூடி; இரண்டிற்கும் இடையிலிருந்து இருபுறமும் வளைந்து நீளும் இரு கொம்புகள்.

“இது நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு, மெல்லுடலி” என்றேன். நூலும் அவ்வாறே கூறிற்று. எனினும் என் துணிவுக்கு நூல் மட்டுங் காரணமன்று. தொல்காப்பிய மரபியல் நந்தையும் முரளையும் ஈரறிவுயிர் என ஒருங்கு வைத்ததை ஆண்டுதோறும் பாடஞ் சொல்லி, ஓடுடையனவெல்லாம் ஓரினம் என்னும் எண்ணம் என்னுள் ஊறிவிட்டது. தொல்காப்பியர் அறிவை எண்ணினாரேயன்றி ஓட்டை எண்ணினாரல்லர் என்பதை அப்பொழுது யான் நினைத்திலேன்.

இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்தான். “சேர், நத்தைக்கு ஓட்டிலே இப்பிடிக் கொம்பு இல்லையே. இது எதுக்கு?” என்றான். விடை தெரியாத எனக்குச் சினம் வந்தது. “பேசாமல் இரு” என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் என் தமிழ்ப் பாடத்திலும் அவன் வினா ஒன்றேனும் கேட்டிலன். அதனை அடக்கம் என்று யான் மெச்சியுமிருக்கிறேன்!

சில ஆண்டுகள் கழிந்தபின், நண்பரொருவர் தந்த கட்டுரையில் அப்படத்தையே மீண்டும் கண்டேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், 1909இல் சார்ள்ஸ் வோல்கொற் கண்டறிந்த பேர்ஜஸ் களிப்பாறையில், ஓடு மட்டுமன்றி அழுகிப் போகவேண்டிய மென்னுடலும் பதிந்து கிடக்கிறது. அங்குள்ள ஹயோலித் ஒன்றுக்கு ஹப்லோபிரெண்டிஸ் என்று பெயர். ஜோசப் மொய்சியுக், மார்ட்டின் சிமித், ஜோன்-பேர்னார்ட் கரோன் என்னும் மூவர் 1,500க்கு மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, தம் முடிபை 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மொய்சியுக் அப்பொழுது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்த மாணவர். அவ்வரியை யான் இருமுறை வாசித்தேன்.

அவர்கள் கண்டது இது: மூடிக்குக் கீழே, வாயைச் சூழ்ந்து, 12 முதல் 16 வரையிலான பரிசக்கொம்புகள் விரிந்து நிற்கின்றன. நீரிலே மிதந்து வரும் உணவைச் சேர்த்தெடுக்கும் உறுப்பு அது. நத்தைக்கோ சிப்பிக்கோ அத்தகைய உறுப்பு இல்லை; கைக்காலிகளுக்கு உண்டு. கைக்காலி என்பது புறத்தே சிப்பிபோல் ஈரோடு பூண்டது. அகத்தே முற்றிலும் வேறான உடலுடையது. ஆகவே ஹயோலித்துகளை அவ்வினத்தின் சுற்றத்தாருடன் சேர்க்க வேண்டும் என்றனர். நூறாண்டுக்கு மேலாக ஓட்டை நோக்கி உறவு சொல்லி வந்தவர்களுக்கு உள்ளிருந்தவன் முகம் அன்றே தெரிந்தது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2020இல் சீனத்து உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்த வேறு சிலர், அப்பரிசக்கொம்புகள் கைக்காலியின் உறுப்புக்கு ஒப்பானவையல்ல என்றும், மெல்லுடலிக்கும் கைக்காலிக்கும் பொதுவான அடிமரத்தருகே ஹயோலித் நிற்கலாமென்றும் எழுதினர். ஆதலால் இன்று யான் “கைக்காலியே” என்று மேசையில் அடித்துச் சொல்வேனாயின், 2012இல் செய்ததையே மறுபடியும் செய்தவனாவேன்.

அச்சிறுவர் இப்பொழுது பழைய மாணவர். எங்கிருக்கிறாரென அறியேன். இம்மலர் அவர் கையை எட்டுமாயின் அவருக்கு என் விடை இது: தம்பி, அவ்விரு கொம்புகளும் ஓட்டின் வாயைக் கடலடிச் சேற்றுக்கு மேலே உயர்த்தி நிறுத்திய தாங்கிகள் என்று அம்மூவரும் கருதினர். நீர் கேட்டது நல்ல கேள்வி. உம்மை அன்று இருத்தியது என் குற்றம். அப்பழைய நூல் இன்னும் நூல்நிலையத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கடதாசித் துண்டொன்று செருகி வைத்திருக்கிறேன்.