ஒரு லட்ச ரூபாய் கறுப்பு

பெட்டியின் நாலு பக்கமும் எண்கள். 32 அங்குலம், 3840 x 2160, 240 ஹெர்ட்ஸ், 0.03 மில்லி செகண்ட், 1000 நிட்ஸ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில்கூட இத்தனை எண்கள் இருக்காது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கென்றே தயாராகும் உயர்ரக மானிட்டர் இது, ஓஎல்இடி ரகம். இந்தியாவில் விலை ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய். பிராண்டையும் பண்டிகைத் தள்ளுபடியையும் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். பல வீடுகளில் இதோடு இணைக்கப்போகும் கம்ப்யூட்டரே அந்த விலை பெறாது.

பெங்களூருவில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கும் அந்த இளைஞனுக்கு வயது 26. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது தொழில், 'வேலரன்ட்' ஆடுவது மற்றதெல்லாம். எட்டு மாதமாக அவனுடைய ரேங்க் ஒரே படியில் நிற்கிறது. காரணம் தன் பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான் என்பது அவன் முடிவு. எதிராளி சுவர் மறைவிலிருந்து வெளியே வருவது தனக்குத் தாமதமாகத் தெரிகிறது, அதற்குள் குண்டு பாய்ந்துவிடுகிறது என்பான். 14 மாதம் மாதச் சீட்டு போல ஒதுக்கி வைத்ததில் ஒரு லட்சம் சேர்ந்திருந்தது.

அந்த நேரத்தில் அதே மானிட்டர் வைத்திருந்த நண்பன் இரண்டு வாரம் வெளிநாடு போக வேண்டி வந்தது. "மச்சி, வாங்கறதுக்கு முன்னாடி வச்சுப் பாரு. ஆனா டாஸ்க்பாரை மறைச்சு வை. ஒரே படத்தை நாள் பூரா நிக்க விடாதே" என்று சொல்லிப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனான். லட்ச ரூபாய்ப் பொருளை வாங்குவதற்கு முன் சொந்த அறையில், சொந்த கம்ப்யூட்டரில் இரண்டு வாரம் சோதிக்கும் பாக்கியம் இந்தியாவில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எஸ்.பி. ரோடிலும் சரி, டில்லி நேரு பிளேஸிலும் சரி, மும்பை லாமிங்டன் ரோடிலும் சரி, கடைக்காரர் காட்டுவது பூ மெதுவாக மலரும் வீடியோதான். பூ மலர 240 ஹெர்ட்ஸ் தேவையில்லை.

அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டான். தொழில் புத்தி.

முதல் பக்கத்தில் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை புதுப் படம் காட்டும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி செகண்ட். 240இல் 4.2. ஆக, 60லிருந்து 144க்கு மாறியபோது மிச்சமானது கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட். இப்போது லட்ச ரூபாய் கொடுத்து மிச்சப்படுத்தப் போவது 3க்கும் குறைவு. இன்னும் மேலே போய் 540 ஹெர்ட்ஸ் வாங்கினால் அதற்கு மேல் 2 சொச்சம். எண் ஏற ஏற லாபம் தேய்கிறது. பெட்டியில் 240 என்று போடுகிறார்களே தவிர, 4.2 என்று போடுவதில்லை. சிறிய எண்ணைப் பெரிதாக அச்சிடும் பழக்கம் வியாபாரத்தில் கிடையாது. (0.03 மட்டும் விதிவிலக்கு. அது புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். அங்கே சின்ன எண்தான் பெருமை.)

வெளிச்சத்தைக் கண்டதும் பொத்தானை அழுத்த மனிதனுக்குச் சாதாரணமாக 200 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கு எதிரே 3 என்ன செய்யும்? அடியோடு ஒன்றுமில்லை என்று சொல்வதும் தவறு. சம பலம் உள்ள இருவர் மோதும்போது அந்த 3 ஒருவர் பக்கம் சாயலாம். அதைவிட முக்கியம் தெளிவு. ஒரு உருவம் செகண்டுக்கு 960 புள்ளி வேகத்தில் திரையைக் கடக்கிறது என்று வையுங்கள். கண் அதைத் தொடர்ந்து ஓடுகிறது. படமோ அடுத்த படம் வரும்வரை ஒரே இடத்தில் நிற்கிறது. இந்த முரண்பாட்டில் உருவம் கலங்கித் தெரியும். 60 ஹெர்ட்ஸில் 16 புள்ளி அகலத்துக்கு, 144இல் ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக, 240இல் நாலு. சாதாரண எல்சிடியில் புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரமும் சேர்ந்து கலக்கம் இன்னும் கூடும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் அந்த இழுவை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1990களில் மேசையை அடைத்துக்கொண்டிருந்த குண்டு மானிட்டர்களில் இந்தக் கலக்கம் அனேகமாக இல்லை. பாஸ்பர் பூச்சு பளிச்சென்று மின்னி உடனே அடங்கிவிடும், ஓடும் உருவம் கூர்மையாகவே தெரியும். தட்டைத் திரை வந்தபோது மேசையில் இடம் கிடைத்தது, இந்தக் கூர்மை போயிற்று. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் இத்தனை ஆண்டு ஓட்டம்.

நோட்டில் அவன் எழுதியது: 'வித்தியாசம் தெரிகிறது. ஓடுகிறவன் முகம் தெரிகிறது.' அன்று இரவு ஆடிய ஆறு ஆட்டத்தில் நாலில் தோல்வி.

மூன்றாம் நாள் காலை அவனுக்கு அதிர்ச்சி. ஜன்னல் கிழக்குப் பார்த்தது. வெயில் உள்ளே விழுந்ததும் திரையின் கறுப்பு, கறுப்பாக இல்லை. கத்தரிப்பூச் சாயம் கலந்த சாம்பலாக வெளுத்தது. பழுதோ என்று பயந்துவிட்டான். பழுது இல்லை. க்யூடி-ஓஎல்இடி என்ற இந்த வகையில், வெளியிலிருந்து விழும் ஒளியை விழுங்கும் போலரைசர் தகடு வைப்பதில்லை. பிரகாசம் கூடக் கிடைக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இருட்டறையில் இதைவிட ஆழமான கறுப்பு கிடையாது, ஜன்னல் திறந்த அறையில் சாதாரண மானிட்டர்கூட மேல். நிபுணர்கள் திரையைச் சோதிப்பது பெரும்பாலும் இருட்டறையில். நம் வீடுகளில் பகலில் ஜன்னல், இரவில் ட்யூப் லைட். விமர்சனத்தில் பத்துக்கு ஒன்பது வாங்கிய கறுப்பு நம் ஹாலுக்கு வந்ததும் பத்துக்கு ஆறு ஆகிவிடுகிறது.

1000 நிட்ஸ் சமாச்சாரமும் இப்படித்தான். அந்தப் பிரகாசம் திரையில் நூற்றுக்கு மூன்று பங்கு போன்ற சின்ன இடத்துக்கு மட்டும். நட்சத்திரம், தீப்பொறி, தெருவிளக்கு என்றால் சரி. திரை முழுக்க வெள்ளையானால் 250 நிட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் இதிலேயே அலுவலக வேலையும் பார்த்தான். அங்கே இன்னொரு சங்கதி. இந்த வகைத் திரையில் சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள் வழக்கம்போல ஒரே வரிசையில் நிற்காமல் முக்கோணமாக நிற்கின்றன. வரிசையை நம்பி எழுத்தைச் செதுக்கும் விண்டோஸ் இங்கே தடுமாறி, எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக் கசிவை விடுகிறது. 32 அங்குல 4கே திரையில் புள்ளிகள் நெருக்கம் (அங்குலத்துக்கு 140) என்பதால் அவ்வளவாக உறுத்தாது. குறைந்த புள்ளிகள் கொண்ட ஓஎல்இடிகளில் உறுத்தும். அதிலும் நம் எழுத்துகள்! ஆங்கிலத்தின் நேர்க்கோடுகளுக்கே இந்தப் பாடு என்றால், 'ணை', 'ஞ', 'ஹ' போன்ற சுழிகளுக்குக் கேட்க வேண்டாம். உலகத்தின் எந்த மானிட்டர் விமர்சனத்திலும் தமிழ் எழுத்தைப் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் படிக்கிறவர்கள் தாங்களே ஒரு பக்கம் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

பிறகு, நண்பன் எச்சரித்த விஷயம். ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். டாஸ்க்பார், எக்ஸெல் கட்டங்கள், விளையாட்டில் மூலையில் நிற்கும் வரைபடம் எல்லாம் ஆபத்து. இப்போது பல கம்பெனிகள் இந்தத் தேய்மானத்துக்கும் மூன்று ஆண்டு வாரன்டி தருகின்றன. ஆனால் வெளிநாட்டு விளம்பரத்தில் உள்ள வாரன்டி இந்திய அட்டையிலும் இருக்கிறதா என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். எட்டு மணி நேரம் எக்ஸெல், இரண்டு மணி நேரம் விளையாட்டு என்று வாழ்கிறவர் லட்ச ரூபாயைத் தேய்ப்பது எக்ஸெல்லுக்காகத்தான்.

எட்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு 'சைபர்பங்க் 2077' போட்டான். 2020இல் வந்த விளையாட்டு. மழையில் நனைந்த நகரம், நியான் பலகைகள், இருண்ட சந்துகள். அவனுடைய நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு 4கேயின் 83 லட்சம் புள்ளிகளை வரைவதற்குள் மூச்சு வாங்கியது. செகண்டுக்கு 60 படத்தைத் தொடுவதே பாடு. 240 ஹெர்ட்ஸில் முக்கால் பங்கு சும்மா கிடந்தது. ஆனாலும் அவன் விளையாடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருந்தது. திரை எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சிவப்புப் பலகை ஒன்று அந்தரத்தில் எரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா வாசலில் நின்றார். "என்னடா இது, ஊரே ஜன்னலுக்கு வெளியே இருக்கற மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தார்.

இந்த மானிட்டரை விற்கும் விளம்பரங்களில் இந்த அழகு இரண்டாவது வரியில்தான் வருகிறது. முதல் வரி எப்போதும் வெற்றி: வேகம், எதிராளியை முந்துவது, சாம்பியன். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே இருந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. பிள்ளை விளையாடியே பிழைப்பான் என்று நம்ப பெற்றோருக்கும் ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது. வெற்றிக்கு விலை சொன்னால் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் வேலரன்ட் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எதை வைத்து ஆடுகிறார்கள்? பெரும்பாலும் 24, 25 அங்குலத் திரை, 1920 x 1080 புள்ளிதான். பலர் வைத்திருப்பது பென்க்யூவின் ஸோவி வரிசை. 2022இல் வந்த 360 ஹெர்ட்ஸ் மாடலும் 2024இல் வந்த 540 ஹெர்ட்ஸ் மாடலும் டிஎன் ரகம். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறிப்போகும் பழைய தொழில்நுட்பம் அது. அவர்களுக்கு அழகு தேவையில்லை. 4கேயும் தேவையில்லை. புள்ளி குறைந்தால் படம் வேகமாக வரும், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் அந்த இளைஞன் செய்திருக்க வேண்டிய முதல் சோதனையைச் செய்தான். மானிட்டரை விட்டுவிட்டு இன்டர்நெட்டை அளந்தான். விளையாட்டின் சர்வர் மும்பையில். அங்கே போய்த் திரும்ப 30 மில்லி செகண்ட் ஆவது இயல்பு. ஆனால் ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தாண்டி வை-ஃபை வரும்போது அது திடீர் திடீரென்று 80, 90க்குத் தாவியது. 3 மில்லி செகண்டுக்கு ஒரு லட்சம் செலவழிக்க இருந்தவன், 50 மில்லி செகண்டை மாதக்கணக்கில் சுவரில் தொலைத்துக்கொண்டிருந்தான். சில நூறு ரூபாய்க்கு 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, வீட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு துளை போட்டான். எண் 30லேயே நின்றது. பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் எதிராளி நேரத்துக்கு வந்தான்.

ரேங்க் ஒரு படி ஏறியது, பிறகு பழைய படிக்கே இறங்கியது. இனி திரையைக் குறை சொல்ல முடியாது. வை-ஃபையையும் முடியாது. இது அவனுக்குக் கொஞ்சம் கசந்தது. இரண்டு நாள் விளையாடாமல் இருந்தான்.

நண்பன் வந்து மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனபின், எஸ்.பி. ரோடில் விசாரித்தான். "ப்ரோ ப்ளேயர் எல்லாரும் இதுதான் சார்" என்றார் கடைக்காரர். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்து வாங்கலாமா என்றான். "பிரிச்சா எடுத்துக்கணும் சார்." புள்ளி செத்திருந்தால்? "அது கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பேசிக்கணும்." ஒரு செத்த புள்ளிக்கு மாற்றித் தருவார்களா, எத்தனை இருந்தால் தருவார்கள் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 34 அங்குலத்தின் விலையையும் கேட்டுப் பார்த்தான். 32 அங்குலத்தைத் தாண்டினால் 28 சதவீத ஜிஎஸ்டி என்றிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18க்கு இறங்கிவிட்டது. பழைய விலையிலேயே ஒட்டியிருக்கும் லேபிள்களைக் கவனித்துப் பேரம் பேச வேண்டும்.

அவன் உடனே வாங்கவில்லை. முதலில் பக்கத்துச் சிக்பேட்டையில் கனத்த துணி எடுத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்தான். பண்டிகைத் தள்ளுபடியில் அதே 32 அங்குல ஓஎல்இடியை வாங்கியபோது, பழைய மானிட்டரை விற்கவில்லை. அலுவலக வேலையும் வேலரன்ட்டும் அதில். புதியது இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் உயிர் பெறும், விளக்கை அணைத்தபின். முதல் வாரமே வெவ்வேறு நிறத்தைத் திரை முழுக்க நிரப்பி, செத்த புள்ளி இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடிவிட்டான். பில்லைப் படம் எடுத்து வைத்திருக்கிறான். பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் தூக்கிப் போடச் சொன்ன அம்மாவைச் சமாதானப்படுத்தி, மூன்று ஆண்டு வாரன்டி முடியும்வரை இருக்கட்டும் என்று பரணில் ஏற்றியிருக்கிறான்.