கெட்டால் போகட்டும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை நாலு மணிக்குப் பாய் விரித்துவிடுவேன். கடற்காற்று தெருவுக்குள் நுழைகிற நேரம் அது. பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படியேறி வருவார்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை. ஒரு வாரம் ஏழு பேர், இன்னொரு வாரம் பதினான்கு பேர். நடுவில் பழைய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருக்கும். தென்னங்கீற்று, நூல், ஊறிய காகிதம், உடைந்த வளையல் என்று அந்த வாரம் எது கிடைத்ததோ அது அதில் கிடக்கும். ஆறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

போன கோடையில் ஒரு பிள்ளை பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். பிறந்தநாளுக்கு அவளுடைய மாமா வாங்கிக் கொடுத்தது. உள்ளே வண்ணத் துணி, மணி, பளபளக்கும் நூல், ஊசி எல்லாம் அளந்து வெட்டி, எண்ணிப் போட்டிருந்தார்கள். அதை வைத்து ஒரு சின்ன பர்ஸ் தைக்கலாம், ஒன்றே ஒன்று. அந்த பர்ஸின் படம் பெட்டியின் மேல் இருந்தது. பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள், மூடினாள். அடுத்த வாரமும் கொண்டுவந்தாள், காட்டினாள், மூடினாள்.

"ஏம்மா, தைக்கலாமே" என்றேன்.

"கெட்டுப் போயிடும் அத்தே" என்றாள்.

அதே பிள்ளை அன்று சாயங்காலம் தென்னங்கீற்றில் காற்றாடி செய்ய உட்கார்ந்தாள். ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்தால் இரண்டு நாடா கிடைக்கும். ஒவ்வொன்றையும் மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றதன் முனையைச் செருகி இழுத்தால் நடுவில் சின்னதாக ஒரு முடிச்சு விழும். அதன் வழியே ஈர்க்கைக் குத்தினால் அதுதான் அச்சு. இழுப்பு கூடினால் ஓலை கிழிந்துவிடும், குறைந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். எவ்வளவு இழுப்பது என்பதை வாயால் சொல்லித்தர என்னால் முடிந்ததில்லை. அவள் கிழித்துக்கொண்டே இருந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: ஒன்பது ஓலை. எதற்கும் அவள் முகம் வாடவில்லை. பத்தாவதைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தூக்கிப் பிடித்தாள், அது சுற்றியது.

தெருவில் மரம் ஏறுகிறவர் வெட்டிப் போட்டுவிட்டுப் போன மட்டை அது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஒன்பது கிழிக்க அவள் துணிந்திருக்கமாட்டாள். கொடுத்திருந்தால், நானும் அவள் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

மலிவான பொருள் வேண்டும் என்று நான் சொல்லும்போது பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மீன் விற்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து வருகிறவர்கள், ஆகவே பணமும் முக்கியம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கெடுக்கிற உரிமை. பையன்கள் பட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால் வீட்டில் சிரிக்கிறார்கள். பெண்பிள்ளை ஒரு டம்ளர் மாவைக் கொட்டிவிட்டால் 'நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ' என்று தொடங்குகிறது. ஏழு வயதிலேயே அவர்கள் கை தயங்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

எனக்கும் அப்படி ஒரு தயக்கம் இருந்தது. நான் படித்த பள்ளியில் தையல் வகுப்பு உண்டு. அரை முழம் வெள்ளை பாப்ளின் துணி, வருடம் முழுக்க அது ஒன்றேதான். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று வரிசையாகப் போட வேண்டும், கோணினால் பிரிக்க வேண்டும். பிரித்துப் பிரித்து என் துணி கைவேர்வையில் பழுப்பேறி ஊசித்துளையாக நின்றது. ஒருநாள் டீச்சர் அதை வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு முப்பது வயதுவரை, ஒரு பட்டன் தைக்கக்கூட யாரிடமாவதுதான் கொடுத்தேன்.

இதே ஊரில் ரோமன் ரோலண்ட் தெருவில் குளூனி கன்னியரின் பூத்தையல் கூடம் இருக்கிறது. 1827இல் இங்கே வந்த சபை அவர்களுடையது. பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில், உயர்ந்த ஜன்னல்களின் வெளிச்சத்தில் உட்கார்ந்து பெண்கள் மேஜை விரிப்புகளில் பூ வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய நேர்த்தி. அங்கிருந்து திரும்பும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது ஒன்றுதான்: அந்த விரல்கள் எத்தனை துணியைக் கெடுத்து இங்கே வந்தனவோ! பார்க்கப் போகிறவர்களுக்குக் கடைசித் துணிதான் கண்ணில் படுகிறது.

கெடுத்துப் பழக வீட்டில் என்னவெல்லாம் கிடைக்கும் என்று தேடியபோது என் ஆயா நினைவுக்கு வந்தாள். எங்கள் தாத்தா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று பலகையில் இருந்தாலும் ஊரில் அது ரோடியர் மில்தான். 1898இல் தொடங்கிய ஆலை, 2020இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த கழிவு நூலில் ஆயா பொம்மை செய்வாள். நூலை ஒரு அட்டையில் நாற்பது ஐம்பது சுற்று சுற்றி, மேல் பக்கம் ஒரு கட்டு, கொஞ்சம் இறக்கிக் கழுத்துக்கு ஒரு கட்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் நூல் பிரித்துப் பின்னினால் கை. இடுப்பில் ஒரு கட்டு போட்டு, கீழே வெட்டி விட்டால் பாவாடை. அதையும் இரண்டாகப் பிரித்துக் கட்டினால் கால்சட்டை போட்ட பையன். பிடிக்கவில்லையா? கட்டை அவிழ்த்தால் திரும்ப நூல்தான். இப்போது மில் நூல் கிடையாது. கம்பளி நூலிலும் பழைய சேலைக் கிழிசலிலும் செய்கிறோம். சேலைக் கிழிசலைச் சடைபோலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. அதை ஒரே ஆளாகச் செய்தால் அலுத்துவிடும். ஆறு பேர் பின்னிக்கொண்டே வர, ஒருத்தி இணைத்துக்கொண்டே போனால் இரண்டு சனிக்கிழமையில் முடிந்துவிடுகிறது.

பிள்ளைகள் கத்தி ஆர்ப்பரித்தது மஞ்சளுக்குத்தான். வெள்ளை வேட்டித் துண்டை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தோம். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை ஈர்க்குக் குச்சியில் தொட்டு அதில் எழுதச் சொன்னேன். எழுதிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது பார்க்கிறதுதான், ஆனாலும் தன் பெயர் சிவந்து எழுவதைப் பார்ப்பது வேறு. ஒருத்தி எழுத்துப்பிழையாக எழுதிவிட்டு உதட்டைக் கடித்தாள். எலுமிச்சை மூடியை அவள் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. அன்று எல்லாரும் வேண்டுமென்றே பிழையாக எழுதினார்கள். (சுண்ணாம்புக் கை கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் வைத்திருப்பேன்.)

வளையல் வேலை பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வளையல் கடையில் உடைந்ததைத் தகர டப்பாவில் போட்டுவைத்திருப்பார்கள், கேட்டால் சும்மா தருவார்கள். கண்ணாடித் துண்டை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் நடுவைக் காட்டினால், இளகி இரண்டு முனையும் நெருங்கி வரும். மூடுவதற்கு முன் அடுத்த துண்டை அதற்குள் கோக்க வேண்டும். இப்படியே நிலைக்குத் தொங்கவிடச் சரம் சரமாகச் செய்யலாம். சுட்ட துண்டை ஈரத்தில் வைத்தால் 'டப்'பென்று விண்டுபோகும். இதில் கெடுவது உண்டு, சூடுபடுவதும் உண்டு. அதனால் ஒரு சுடருக்கு ஒரு பிள்ளை, பக்கத்தில் நான். மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருப்பது இந்த ஒரு வேலைக்குத்தான்.

எனக்கு மிகப் பிடித்தது காகிதக்கூழ். எங்கள் புதுச்சேரியிலும் பேர்போன வேலை இது. திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொருள்களுக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2020இல் சுடுமண் சிற்பத்துக்காகப் பத்மஸ்ரீ பெற்ற வி.கே. முனுசாமி இந்த ஊர்க்காரர். களிமண்ணும் கூழும் ஒரு விதத்தில் ஒரே குணம் கொண்டவை. சூளைக்குப் போகும்வரை மண்ணைத் திரும்பப் பிசையலாம். கூழும் அப்படித்தான், திரும்ப ஊறப்போடலாம். பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இடிப்போம். வெந்தயம் பிசுக்கும் கொடுக்கும், பூச்சியும் அண்டாது. முறத்துக்கு ஓட்டை அடைக்க அந்தக் காலத்தில் பூசியது இதைத்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே பால் கவரை விரித்து, விரல் கனத்துக்கு அப்பினால் இரண்டு மூன்று வெயிலில் காய்ந்துவிடும். கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் விரிசல் விடும். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சிக்கொள்கிறோம். முன்பெல்லாம் கெடாமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். விஷம், பிள்ளைகளின் கை வாய்க்குப் போகும். நான் போடுவதில்லை, இரண்டு நாளில் புளித்தால் புளிக்கட்டும்.

இப்படிக் கழிவிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கொண்டு கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 2018இல் அவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிள்ளைகள் பொம்மையை உடைத்துப் பார்க்கட்டும் என்று அவர் சொல்லிவருவதைக் கேட்டபோது, என் மாடியை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

கத்தரிக்கோல் மட்டும் நான் இரண்டுக்கு மேல் வாங்கவில்லை, வேண்டுமென்றேதான். ஒருத்தி வெட்டி முடிக்கும்வரை மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு, கை நூலில் இருக்கும்போது தானாக வருகிறது. யாருடைய அப்பா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை, எந்த டியூஷனுக்குப் போகும் வழியில் யார் பின்னால் வருகிறான் என்பதெல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் தலையை நிமிர்த்துவதில்லை. பின்னால் தனியாகப் போய்ப் பேச வேண்டியவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.

நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதும் பாதிதான் உண்மை. பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவரின் மகள் ஒருத்தி இருக்கிறாள், பதினோரு வயது. வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று மல்லியை வைத்துக் கண்ணி போடும்போது அவள் விரல் கண்ணுக்குத் தெரியாது. நான் கட்டினால் முழத்துக்கு நாலு பூ நழுவும். அவள்தான் எனக்குக் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள். பூ விலை ஏறிய நாளில் வேப்பிலையில் பழகச் சொன்னாள்.

அவள் ஜூலையிலிருந்து வரவில்லை. பெரியவளாகிவிட்டாள் என்று மற்றப் பிள்ளைகள் குசுகுசுத்தார்கள். பன்னிரண்டை நெருங்கும்போது என் பாயிலிருந்து ஒவ்வொருத்தியாகக் காணாமல் போவது எனக்குப் பழக்கம்தான். பழகிவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. சடங்கு முடியும், டியூஷன் வரும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. மார்க்கெட்டுக்கே போய் அவளுடைய அம்மாவின் கடைக்கு முன்னால் நின்றேன்.

"இனிமே வெளையாட்டு எதுக்குக்கா அவளுக்கு?" என்றார்.

"எனக்குப் பூ கட்ட இன்னும் சரியா வரல. அவதான் சொல்லித் தந்துகிட்டிருந்தா. பாதியில விட்டுட்டா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். ஒரு முழம் மல்லியை இலையில் சுற்றிக் கையில் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. பதிலும் சொல்லவில்லை.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை கூழ்க் கிண்ணங்கள் பதின்மூன்று மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். "ஒரு மணி நேரம்தான் அத்தே, அம்மா சொல்லிச்சு" என்றாள். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கடல் பக்கமிருந்து மழை இறங்கியது. பாயைச் சுருட்டவா, பிள்ளைகளை உள்ளே அனுப்பவா என்று நான் தடுமாறுவதற்குள் கிண்ணங்கள் எல்லாம் ஊறி, சரிந்து, தாள் எழுத்துகள் தெரிய வழிந்துகொண்டிருந்தன. பெட்டிக்காரப் பிள்ளைதான் முதலில் ஓடினாள். வழிந்த கூழை இரண்டு கையாலும் வாரி வாளியில் போட்டாள். அவளைப் பார்த்து எல்லாரும். பூக்காரர் மகள் தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"வெந்தயம் இன்னும் கொஞ்சம் ஊறப் போடுங்க அத்தே" என்றாள் மழையிலிருந்து.