மாத்திரையும் மன்றாட்டும்

பிழைப்பை நாடி வட ஆர்க்காட்டிலிருந்து பெங்களூர் வந்த எங்களுக்குச் சிவாஜிநகர் புனித மரியன்னை ஆலயமே தாய்வீடு. செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு முந்திய நவநாள்களில், வலிப்பு நோயுற்ற எங்கள் மகளுக்காகக் காவியுடுத்தி ஒருசந்தி இருந்தோம். அவ்வாண்டு மாத்திரைகளையும் நிறுத்தினோம். கொடுத்தால் விசுவாசக் குறைவாகிவிடுமோ என்றோர் அச்சம்!

திருவிழா மாலை, தேர் காண நின்ற நெரிசலில் அவள் விழுந்தாள். யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். (இரும்பு வலிப்பை நிறுத்தாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுக்கு வழிவிடுவதே உதவி என்பதைப் பின்னரே அறிந்தோம்.)

நிம்ஹான்ஸ் மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும் என்றார். முறையாக உட்கொண்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் விளக்கினார்.

அன்றிரவு பாட்டியாரின் பழைய வேதாகமத்தில் மத்தேயு 17-ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். இந்நோயுற்ற சிறுவனை அது 'சந்திரரோகி' என்கிறது. நிலவு என்ன பிழை செய்தது? மூளையின் மின்னோட்டம் நிலைகுலைவதன்றோ காரணம்! மாற்கு காட்டும் அச்சிறுவனின் தந்தையோ, நம்பிக்கையும் ஐயமும் ஒருசேரக் கொண்டு கண்ணீருடன் நிற்கிறார். எங்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றவில்லை.

முழுநலம் வேண்டி இன்றும் நவநாள் செய்கிறோம். இரவுச் செபத்திற்கு மெழுகுதிரி ஏற்றுமுன் மகளே மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைத்துவிடுகிறாள்.