அத்தாவின் மைக் செட்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நம் இல்லத்துப் பரணில் நெடுங்காலமாய்த் தூசி படிந்து கிடந்த ஒலிபெருக்கிப் பெட்டியை இறக்கச் சொன்னவர் நம் அன்னையார். "உங்கத்தா பெட்டி ஒரு தடவை பாடினாக் கேட்டுட்டுப் போறேம்ப்பா" என்றார். வயது எண்பதைக் கடந்தவர். அந்தச் சொல்லைத் தட்ட இயலுமா? ஆனால் நம் இளவலோ, பழம்பொருள் வாங்கும் வணிகர் ஒருவரிடம் அப்பெட்டிக்கு விலையே பேசி முடித்திருந்தான். இரண்டு மாதத் தவணை கேட்டு வாங்கினோம்.

மர்ஹூம் அத்தா அவர்கள் திருமணப் பந்தல்களுக்கும் மீலாது மேடைகளுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டவர்கள். அந்த வாடகையில்தான் நாம் மதரஸாவில் ஓதி முடித்தோம். இளவல் அப்போது கைக்குழந்தை. அவன் அதை அறிய நியாயமில்லை.

பெட்டியினுள் டிரான்சிஸ்டர் இல்லை. கண்ணாடி வால்வுகளே உள்ளன. வால்வின் நடுவே சூடேறும் கேத்தோடிலிருந்து மின்னணுக்கள் புறப்பட்டு வெளித்தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையே நிற்கும் கம்பி வலையில் தரும் சிறு மின்னழுத்தம் அந்தப் பெரும் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. மெல்லிய குரல் மைதானம் நிறைய ஒலிப்பதன் சூட்சுமம் இவ்வளவே. அத்தாவின் பெட்டியில் முன்னால் ஈ.சி.சி.83 ஒன்று, இறுதியில் ஈ.எல்.84 இரண்டு. அவ்விரண்டில் ஒன்றின் உச்சியிலிருந்த வெள்ளிப் பூச்சு பால் வெண்மையாகிவிட்டிருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டதற்கு அதுவே அடையாளம்.

ஓசூருக்குச் சென்றோம். மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஊரில் வால்வு என்றால் தண்ணீர்க் குழாய்க் கடைக்கு வழி காட்டினார்கள்! அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் எஸ்.பி. சாலையில் கடை கடையாய் ஏறி இறங்கினோம். 1954-இல் அந்நகரில் தோன்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961 முதல் ஹாலந்து பிலிப்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு ரேடியோ வால்வுகளைச் செய்தது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பிறந்த பொருள் அன்று மூலைக்கு மூலை கிடைத்தது. இன்று அதே ஈ.எல்.84 ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வர வேண்டியிருக்கிறது. அங்கே அது இன்னும் உற்பத்தியாவதற்குக் காரணம் மேலைநாட்டுக் கிதார் வாசிப்போர். அவர்களுடைய வாக்ஸ் ஏ.சி.30 என்னும் புகழ்பெற்ற பெட்டி நான்கு ஈ.எல்.84 வால்வுகளில் ஓடுவது. மீலாது மேடைப் பெட்டிக்குக் கிதார்காரர் தயவு! ஸ்லோவாக்கியா வால்வு ஒரு ஜோடிக்கு 4,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். ஓர் அரபி ஆசிரியருக்கு அது சிறு தொகையன்று.

வீட்டில் நாமே அவற்றைச் செருகினோம். தம்பி மகனின் கைப்பேசியை இணைத்து நாகூர் ஹனீபா அவர்களின் பாடலொன்றை ஒலிக்கவிட்டோம். குரல் கணீரென்று எழுந்தது. அன்னையார் கண்களை மூடிக்கொண்டார். அந்நேரம் ஒரு வால்வின் தகடு செந்நிறமாகப் பழுப்பதைக் கண்டோம். கண்டும் நிறுத்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்த மனம் வரவில்லை. பாடல் முடியும் முன்னரே குரல் கரகரத்து அடங்கிற்று. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. "போதும்ணா, கொடுத்துடலாம்" என்றான் இளவல்.

ஓசூரில் சிறு கொட்டகையொன்றில் மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் கம்பி சுற்றும் முதியவர் ஒருவரைப் பற்றி அதன்பிறகே கேள்விப்பட்டோம். அவர் முதலில் கேட்டது, "மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா வாத்தியாரே?" என்பதுதான். தலைகுனிந்தோம். இறுதி வால்வுகள் இரண்டையும் கழற்றிவிட்டு, மின்கம்பியில் தொடராக ஒரு குண்டு பல்பைச் சேர்த்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடியே மறுகையால் அளந்தார். முந்நூறு வோல்ட் பாயும் பெட்டியில் இரு கையையும் விடலாகாதாம். அணைத்த பின்னும் கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்குமாம். வால்வின் வலைக்குரிய துளையில் ஒன்றுமே காட்டக்கூடாது. மீட்டர் 20 வோல்ட் காட்டிற்று. முன் கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிற்க வேண்டிய சிறு கண்டன்சர் கசிந்துகொண்டிருந்தது. அக்கசிவு வலையின் கட்டுப்பாட்டைத் தளர்த்த, வால்வு தாங்காமல் பழுத்திருக்கிறது. எத்தனை புது வால்வு போட்டாலும் அதே கதிதான்.

நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பது இதையன்றோ! 'அல்பைத்து' என்பது 'ஃபில் பைத்தி' என்று ஈறு மாறி நின்றால், அம்மாற்றத்தின் காரணம் முன்னே நிற்கும் 'ஃபீ' என்னும் ஆமிலில் இருக்கிறது. அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி அவர்கள் நூறு ஆமில்களைத் தொகுத்துத் தந்த சிறுநூலை இருபது ஆண்டுகளாய்ப் போதித்தும், பெட்டியின் முன் அமர்ந்தபோது ஈற்றையே திருத்திக்கொண்டிருந்தோம்.

புதுக் கண்டன்சர்கள் இரண்டின் விலை 60 ரூபாய். நாம் கெடுத்த வால்வுக்கு ஈடாகப் பழைய பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு ஒன்றைத் தம் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, அளந்து பார்த்துப் பொருத்தினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு பெட்டி முழுப் பாடலையும் பாடிற்று. அடியில் மட்டும் ஓயாத ஓர் இரைச்சல். மின்சாரத்தை வடிகட்டும் பெரிய கண்டன்சர்கள் இரண்டும் தளர்ந்துவிட்டன. அவற்றை மாற்றும்வரை அரை மணிக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று முதியவர் சொல்லியிருந்தார். அன்னையார் அந்த இரைச்சலைக் கேட்டு, "இதுதாம்ப்பா உங்கத்தா செட்டு" என்றார்.

மறுநாள் காலை இளவல் நம்மிடம் வந்து, வேண்டிய கண்டன்சரின் அளவைத் தாளில் எழுதித் தரச் சொன்னான். 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், இரண்டு என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெங்களூர் பேருந்துக்குப் புறப்பட்டான்.