ஒலிபெருக்கி இல்லா அரங்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்ததும் இணுவிலை அடைவர். செம்மண்ணும் புகையிலைத் தோட்டமும் ஆழ்கிணறுமாகக் கிடக்கும் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் அறியச் செய்தது தவில். 1933இல் இங்குப் பிறந்து 1975இல் மறைந்த தட்சிணாமூர்த்தியை விலக்கிவிட்டு ஈழத்துத் தவிற்கலை பற்றி எவரும் பேசவியலாது. அவர்தம் தந்தையார் விசுவலிங்கமும் தவிலில் வல்லவரே. அயலிலுள்ள மருதனார்மடத்தில், 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரி, பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சாஸ்திரிய இசைக்கு நிலைக்களனாய் விளங்குகின்றது. இத்தகைய ஊரில் இன்னுமோர் இசையரங்கு எதற்கு என்று நண்பர் சிலர் வினவினர். வினா நியாயமானதே.

நாம் தொடங்கியது சிறு முயற்சி. பூரணை தினம் அரச விடுமுறையாதலால் அன்று மாலை சனசமூக நிலையத்தில் கூடுவோம். ஐம்பது கதிரைகள், சில பாய்கள், வாயிலில் ஒரு தகரப்பேணி. பேணியில் விழுவது முழுவதும் கலைஞருக்கே. விதிகள் இரண்டு. ஒலிபெருக்கி கூடாது, உரைகள் கூடாது. இரண்டாவது விதியே கடினமானது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை என்பன இன்றி யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் நடைபெறுமென்பதை நம்ப மறுத்துப் பெரியவர் ஒருவர், மூன்று மாதமாகத் தமது பேச்சுக் குறிப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஒலிபெருக்கியை விலக்கியதால் நேர்ந்த மாற்றங்களை எவரும் எதிர்பார்த்திலர். தவிலும் நாதசுரமும் கோயில் வீதிக்கென அமைந்தவை. மண்டபத்துள் வாசித்தாற் சுவர்கள் தாங்கா. ஆதலின் அவற்றை முற்றத்து வேம்பின் கீழ் அமர்த்தினோம். திருவிழாவிலே சுவாமியோடு நடந்தபடி வாசிக்கும் கலைஞர், அங்கு அமர்ந்து, தம் முகம் நோக்கியிருப்போருக்காக வாசித்தார். ஒரு தனியாவர்த்தனம் முடிந்தபின் அக்கணக்கை இன்னொருமுறை, மெதுவாக, வாயாற் சொல்லிக்காட்டும்படி மாணவி ஒருத்தி கேட்டாள். தம் வாழ்நாளில் இவ்வாறு எவரும் கேட்டதில்லை என்றார் அவர். தொண்ணூறுகளில் மின்சாரமின்றி, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை எமது. ஒலியின் அருமை எமக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தோம். எனினும் செவியைக் கூர்மையாக்கி ஒரு குரலுக்காகக் காத்திருத்தல் வேறு அனுபவம்.

பங்குனி முதல் ஆவணி வரை கோயில்களில் மகோற்சவ காலம். அப்போது தவிற்காரர் எவரும் எமக்குக் கிடையார். அவ்வெற்றிடத்தை நிரப்பவே நாட்டார் பாடல்களை நாடினோம். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் துலா மிதித்தோர் பாடிய பாடல்களை அறிந்த முதியவர் ஒருவர் அகப்பட்டார். தாலாட்டுப் பாடப் பெண்கள் முன்வந்தனர். ஒப்பாரிதான் வாயிலிலேயே நின்றுவிட்டது. சாவு நேராத இடத்தில் ஒப்பாரி சொன்னாற் சாவை அழைத்ததாகும் என்பது எங்கள் மூதாட்டியரின் உறுதியான எண்ணம். அதனை மூடநம்பிக்கையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அழுவதற்குரிய பாட்டை அழாமற் பாடச் சொல்வதில் ஏதோவொரு பொருந்தாமை உள்ளது.

அடுத்து எழுந்தது பறைமேளம் பற்றிய பிரச்சினை. தவில் ஒலிக்கும் வேம்பின் கீழ்ப் பறையும் ஒலித்தல் வேண்டுமென்பது எம்முள் இளையோரின் வாதம். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் நடந்த விழாவிற் கருநாடக இசையோடு பறையும் இடம்பெற்றதை அவர்கள் எடுத்துக்காட்டினர். மூத்த உறுப்பினர் இருவர் காரணம் ஏதும் கூறாது எழுந்து சென்றனர். காரணம் எல்லோரும் அறிந்ததே. அவர்கள் இன்றுவரை திரும்பவில்லை. அதுபற்றி நான் வருந்தவுமில்லை.

எனினும் பறை வாசிக்கத் தெரிந்த முதியவரைத் தேடிச் சென்றபோது கேட்ட மறுப்பு வேறுவகையானது. கதிரை தந்து, தேநீர் தந்து, நிதானமாகப் பேசினார். "தம்பி, நாங்கள் இதை விட்டபடியாத்தான் எங்கடை பிள்ளையள் தலை நிமிந்து நடக்கினம். நீங்கள் இப்ப வந்து அது கலை எண்டுறியள்." அவர் என்னைத் 'தம்பி' என்றது எனக்கு உவப்பாயிருந்தது. அவருடைய தந்தையார் என் பாட்டனாரை 'நயினார்' என்றே விளித்திருப்பார்.

சாவீட்டிற் பறையடித்தல் ஒரு சாதியார்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அதனை மறுத்து நிற்றல் அவர்தம் விடுதலையின் ஒரு கூறாயிற்று. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டதை நாம் நூல்களிற் படித்தோம். அவரோ அக்காலத்தில் வாழ்ந்தவர். இங்கிலாந்தில் இவான் மக்கோல் நடத்திய நாட்டார் பாடற் கழகத்திலே, பாடுவோர் தத்தம் மொழிக்கும் மரபுக்கும் உரியவற்றையே பாடவேண்டுமென்ற விதி இருந்தது. படித்தபோது அவ்விதி எனக்குச் சிறந்ததாகவே தோன்றிற்று. மரபே விலங்காகப் பூட்டப்பட்டவனிடம் சென்று உன் மரபைக் காட்டு என்று கேட்க அவ்விதிக்கு உரிமை உண்டா? இளையோர் இதனை ஏற்றிலர். இழிவை ஒழித்து இசையைக் காக்கலாம் என்கின்றனர். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அதனைச் சொல்ல வேண்டியவர் அம்முதியவரின் பேரப்பிள்ளைகளே ஒழிய நாமல்லர்.

சென்ற பூரணைக்கு அவர் வந்தார், கேட்பவராக. அழைப்பில் முன்வரிசை என்று எழுதியிருந்தோம். வந்தவர் முன்வரிசையிலேயே அமர்ந்தார். தவிற்காரரோடு நெடுநேரம் தோல் வலிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை வாசிக்கும்படி எவரும் அவரைக் கேட்கக் கூடாதென்று முன்னரே சொல்லி வைத்திருந்தோம், எவரும் கேட்கவில்லை. பேணியில் அவரும் நூறு ரூபா இட்டார். வரும் பூரணைக்கு வயலின் பயிலும் தம் பேத்தியையும் அழைத்து வருவதாகக் கூறியுள்ளார்.